குழந்தை இருக்கும் வீட்டில் ரசாயனத்தைக் குறைக்க: நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் வரிசையாகச் செய்யுங்கள்

எங்கள் மகளுக்கு ஒன்றே முக்கால் வயதில் ரத்தத்தில் ஈயம் (காரீயம்) டெசிலிட்டருக்கு 8.6 மைக்ரோகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக நான் செய்த செலவு 11,000 ரூபாயைத் தாண்டும். அதில் எல்லாமே உருப்படியான செலவு இல்லை. பயத்தில் வாங்கியதும் உண்டு: கண்ணாடி டப்பாக்கள், 'கெமிக்கல் இல்லாத' தரை துடைக்கும் திரவம், இரண்டு கிலோ நாட்டு மஞ்சள். கடைசியில் பார்த்தால் வினை இருந்தது படுக்கையறை ஜன்னல் கம்பியிலும் என் சட்டையிலும்.

நாங்கள் கோயம்புத்தூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான் இன்வெர்ட்டர் போர்டு சர்வீஸ் செய்கிறவன். மருத்துவம் படித்தவன் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். கீழே உள்ள வரிசை, இப்போது முதலிலிருந்து ஆரம்பித்தால் நான் எப்படிச் செய்வேனோ அந்த வரிசை. செலவில்லாததும் உடனடி ஆபத்து உள்ளதும் முதலில். கடைக்குப் போவது கடைசியில்.

1. முதல் நாள்: எதையும் வாங்காதீர்கள், இருப்பதை எடுத்து மேலே வையுங்கள்

நேரம் இரண்டு மணி நேரம். செலவு இல்லை.

சமையல் மேடைக்குக் கீழே, பாத்ரூம் மூலையில், பீரோவுக்குள், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பாட்டில்களையெல்லாம் ஹாலில் கொண்டுவந்து வரிசையாக வையுங்கள். எங்கள் வீட்டில் 23 தேறியது. அதில் மூன்று, குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தவை: தெருவில் வண்டியில் வரும் பினாயில், பாத்ரூம் ஆசிட், விளக்குக்கு வாங்கிய மண்ணெண்ணெய். குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆசிட்டை உதிரியாக வாங்காதீர்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஆசிட் விற்பவர் வாங்குபவரின் புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் மக்கில் ஊற்றிக் கொடுக்கிறார் என்றால் அதில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது, எவ்வளவு வீரியம் என்பதும் தெரியாது.

டாய்லெட் கிளீனரில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். 'இரண்டையும் போட்டால் பளிச்சென்று ஆகும்' என்று என் மனைவியிடம் சொன்னவன் நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்தவள் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். ஒன்றைப் போட்டுத் தேய்த்து நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மற்றதை வேறொரு நாள் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எலி மருந்து இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, கல்லீரலைக் கெடுத்துவிடும். அரிசி மூட்டைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுக்குள் இருக்கவே கூடாது, ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிக்குக் கூண்டு போதும்.

அப்புறம் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். ஒன்று 108. இன்னொன்று 1800 116 117. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம், கட்டணமில்லை. குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டும் மண்ணெண்ணெயும் வாந்தியாக மேலே வரும்போது மறுபடியும் கேடு செய்யும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

2. அதே நாள்: பீரோவைத் திறந்து அந்துருண்டையை எடுங்கள்

நம் ஊரில் பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் பழைய வேட்டியும் பாட்டியின் பழைய பருத்திச் சேலையும்தான் முதல் துணி. மெத்தென்று இருக்கும், நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த வேட்டி பத்து வருஷம் எங்கே இருந்தது? பீரோவில், அந்துருண்டைக்கு நடுவில்.

அந்துருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாஃப்தலீன். ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைக்கு இது ரத்த சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை மோசமாக்கும். அந்தக் குறைபாடு பிறக்கும்போது வெளியே தெரியாது. வாசனை வரும் எந்தத் துணியையும் சிசுவுக்குப் போடாதீர்கள், தொட்டிலும் கட்டாதீர்கள். துணிக்குப் பூச்சி வராமல் இருக்க நன்கு காய்ந்த துணியை மூடிப்போட்ட டப்பாவில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெயில் காட்டினால் போதும். என் அம்மா வேப்பிலையும் போடுவார். அது எவ்வளவு வேலை செய்கிறதோ, கெடுதல் இல்லை.

3. முதல் வாரம்: ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை

எல்லாக் குழந்தைக்கும் உடனே எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். குழந்தை ஐந்து வயதுக்குள் இருந்து, வீடு பழைய பெயிண்ட் அடித்ததாக இருந்தாலோ, மண்ணையும் சுவரையும் நக்கும் பழக்கம் இருந்தாலோ, வீட்டில் யாராவது பேட்டரி, சால்டரிங், பெயிண்டிங், பழைய இரும்பு வேலை செய்தாலோ குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். எங்கள் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.1-தான் இருந்தது, மலச்சிக்கல் வேறு. மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஜன்னல் கம்பியைக் கடிப்பாளா?" நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நின்று தெருவை வேடிக்கை பார்க்கும் நேரமெல்லாம் அவள் வாய் அந்தக் கம்பியில்தான் இருக்கும்.

மருத்துவரின் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. 'பிளட் லெட்' (ரத்த ஈயம்) என்று சொன்னேன், கவுன்டரில் இருந்த பெண் 'லிப்பிட்' என்று கேட்டுக்கொண்டு, ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்குக் கொழுப்புப் பரிசோதனைக்குப் பில் போட்டுவிட்டார். ரத்தம் எடுத்த பிறகுதான் பார்த்தேன். இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டியதாயிற்று.

கொண்டுபோக வேண்டியவை: மருத்துவர் சீட்டு, குழந்தையின் பழைய ரத்த ரிப்போர்ட், பணம். வெறும் வயிறு தேவையில்லை. விரலில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியே கணக்கைக் கூட்டிக் காட்டலாம், அதனால் நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான லேப்கள் மாதிரியை வேறு ஊருக்கு அனுப்புகின்றன. எங்களுக்கு 1,450 ரூபாய் ஆனது, ரிப்போர்ட் ஐந்தாம் நாள் வந்தது. சனிக்கிழமை கொடுத்தால் ஒரு நாள் கூடும்.

இரும்புச்சத்தையும் சேர்த்தே பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். எங்கள் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்ததே இரும்புச்சத்து சொட்டு மருந்துதான்.

ரிப்போர்ட்டில் எண் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். லேப் பக்கத்திலேயே '10-க்குக் கீழே இயல்பு' என்று அச்சடித்திருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-லிருந்து 3.5 என்று வைத்திருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் யாரும் சொல்வதில்லை. அதே சமயம் 8, 10 என்று வந்தால் பதறவும் வேண்டாம். ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை குழந்தைகளுக்கு 45-ஐ ஒட்டித்தான் பேசப்படும். அதற்குக் கீழே மருந்தே மூலத்தை நிறுத்துவதுதான். 'உடலைச் சுத்திகரிக்கும்' சொட்டு மருந்து, சிரப் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பற்பம், செந்தூரம் மாதிரி உலோகம் சேர்ந்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

4. மூலத்தைத் தேடுவது: மஞ்சளில் ஆரம்பிக்காதீர்கள்

நான் மஞ்சளில்தான் ஆரம்பித்தேன். மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்ற லெட் குரோமேட் என்ற, ஈயம் கலந்த மஞ்சள் நிறமியைச் சிலர் பூசுகிறார்கள் என்பது உண்மை. மஞ்சளில் ஈயத்துக்கு அனுமதித்த அளவு 10 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 10 பங்கு. செய்தியில் படித்தவுடனே எனக்கு அதுதான் காரணம் என்று தோன்றிவிட்டது. வீட்டிலிருக்கும் பொருளைச் சந்தேகிப்பதைவிடக் கடைக்காரனைச் சந்தேகிப்பது சுலபமல்லவா.

சந்தேகம் இருந்தால், இரண்டு நிமிட சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு விரலி மஞ்சளைப் போடுங்கள். போட்டவுடனே பளீர் மஞ்சளாகச் சாயம் இறங்கினால் அதை உபயோகிக்காதீர்கள். இது தூளுக்குப் பொருந்தாது. சாயம் இறங்காவிட்டால் சுத்தம் என்று சான்றிதழும் ஆகாது.

லேபுக்குக் கொடுப்பதென்றால் இரண்டு வழி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவின்படி, பொருளை வாங்கும் யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கிண்டி, கோயம்புத்தூர், மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. சிக்கல் எங்கே என்றால், 'இதை நான் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். வாங்கி வந்து பாதி சமைத்த பிறகு போய் நின்றால் அந்த வழி அடைபட்டுவிடும். நான் அப்படித்தான் நின்றேன்.

இரண்டாவது வழி, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இடம் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம். அங்கே நான் அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் 'கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்' என்று போட்டுவிட்டார்கள். புகாருக்கு அது செல்லாது. சீல் உடைக்காத பாக்கெட், பில், பாக்கெட்டின் பேட்ச் எண்ணும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் தெரியும்படி எடுத்த போட்டோ, இவை மூன்றும் இருந்தால்தான் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு. விண்ணப்பத்தில் 'ஈயம்' என்று தனியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ஈரப்பதமும் சாம்பலும் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். 1,600 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்டினேன், எட்டு நாள் காத்திருந்தேன். எங்கள் மஞ்சளில் அளவிடக்கூடிய ஈயமே இல்லை. கலப்படம் என்று உறுதியாகத் தெரிந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸாப் எண் 94440 42322.

சரி, எதில் ஆரம்பிப்பது? குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, அதன் வாய் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். ஜன்னல் கம்பி, பழைய தொட்டில், தாத்தா காலத்து மர நடைவண்டி, கதவு நிலை. பெயிண்ட் உரிந்திருக்கிறதா, கைவைத்தால் மாவுபோல் ஒட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். கண் மையும் பட்டியலில் சேரும். சிலவற்றில் ஈய சல்பைடு இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் கண்ணிலும் கைக்கு எட்டும் இடத்திலும் வேண்டாம், உள்ளங்காலில் வைத்துச் சாக்ஸ் போட்டுவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் சமாதானம் ஆனோம். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய வகையா என்று பாருங்கள். ஆரஞ்சு கலந்த சிவப்பில் கனமாக இருக்கும் சிந்தூரத்தில் சிவப்பு ஈயம் இருக்க வாய்ப்புண்டு.

5. ஜன்னல் பெயிண்ட்: இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன்

இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களிலும் இரும்புக்கு அடிக்கும் சிவப்பு பிரைமரிலும், ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஜன்னல் பச்சை. உரிந்த இடத்தில் பார்த்தால் பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மஞ்சள், கடைசியில் செங்கல் நிற பிரைமர். கட்டைவிரல் நகம் அளவு செதிலைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்ததில் 4,600 பி.பி.எம். வந்தது. கட்டணம் 1,800. பணம் இல்லையென்றால் இந்தச் சோதனையே வேண்டாம். ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைச் செய்யலாம். வீட்டுக்காரரை நம்ப வைக்கத்தான் எனக்கு ரிப்போர்ட் தேவைப்பட்டது.

வாடகை வீடு என்றால் இதைத் தெரிந்து வையுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் வருகிறது, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாத வரை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுப் பேசப் போங்கள். எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். "நாங்க நாப்பது வருஷமா இந்த ஜன்னலோடதான் இருந்தோம் தம்பி, எங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். சட்டம் பேசவில்லை. ரத்த ரிப்போர்ட்டையும் பெயிண்ட் ரிப்போர்ட்டையும் வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு மறுநாள் நேரில் போனேன். பெயிண்ட் அவர் செலவு, கூலி என் செலவு என்று முடிந்தது. பேசியதை அன்றைக்கே ஒரு வரி மெசேஜாக அனுப்பி வையுங்கள்.

இனி என் தப்பு. பெயிண்டர் வந்து கம்பியைப் பார்த்துவிட்டு, "காய வச்சே மெஷின் போட்டுத் தேச்சா அரை மணி நேரம்ங்க. தண்ணி தொட்டுத் தேச்சா பகல் பூரா போயிரும்ங்க" என்றார். ஒரு நாள் கூலி மிச்சமாகிறதே என்று தலையாட்டினேன். முதல் ஜன்னலை மெஷினில் தேய்த்தபோது வந்த பச்சைத் தூசி மெத்தையில், மின்விசிறி இறக்கையில், பக்கத்து அறை அலமாரியில் எல்லாம் படிந்தது. மகள் அப்போது பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் 8.6 என்பது 11.2 ஆகியிருந்தது. பழைய பெயிண்டைக் காயவைத்துத் தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்கவும் விடாதீர்கள். உரியாமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் தேய்க்கவே வேண்டாம், சோப்புத் தண்ணீரில் துடைத்து அதன் மேலேயே அடித்து மூடிவிடலாம்.

இரண்டாவது ஜன்னலுக்குச் செய்தது இது. குழந்தையும் மனைவியும் மூன்று நாள் மாமியார் வீட்டுக்கு. கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களும் வெளியேதான். அறையில் இருந்த துணி, மெத்தை, பொம்மை எல்லாம் வெளியே. தரையில் கெட்டியான பாலிதீன் ஷீட், சுவரோடு டேப் போட்டு ஒட்டியது. கதவிடுக்கில் ஈரத்துணி. மின்விசிறி நிறுத்தம். பெயிண்டருக்கும் எனக்கும் என்-95 மாஸ்க். ஒரு பக்கெட் தண்ணீர், வாட்டர் பேப்பர். உரிந்த இடத்தை மட்டும் நனைத்து நனைத்துத் தேய்த்தார். வந்த சேற்றை உடனுக்குடன் பழைய துணியில் துடைத்துக் கவரில் போட்டோம். முடிந்ததும் ஷீட்டை உள்பக்கமாக மடித்துச் சுருட்டிக் கட்டிவிட்டு, அந்தப் பொட்டலத்தைக் குப்பை எடுக்க வருபவரிடம் 'பெயிண்ட் கழிவு' என்று சொல்லித் தனியாகக் கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றாதீர்கள், எரிக்காதீர்கள்.

அதன் பிறகு தரையை விளக்குமாறால் பெருக்கக் கூடாது. முதலில் சோப்புத் தண்ணீர் துணியால் ஒருமுறை, புதுத் தண்ணீரில் இரண்டாவது முறை. துணியைத் துவைத்து வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். மின்விசிறி இறக்கையை மறக்க வேண்டாம்.

புதிய பெயிண்ட் வாங்கும்போது டின்னில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மிகாது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எதுவும் எழுதாத மலிவு எனாமலை எடுக்காதீர்கள். கம்பிக்கும் இப்போது தண்ணீரில் கரையும் எனாமல் வருகிறது. விலை கூடுதல்தான், ஆனால் தின்னர் நெடி இல்லை. அடித்து இரண்டு நாளாவது ஜன்னலைத் திறந்துபோட்டு வைத்துவிட்டுக் குழந்தையை அழைத்து வாருங்கள். ஷீட், டேப், மாஸ்க், வாட்டர் பேப்பர், இரண்டு நாள் கூலி என்று என் பங்கு 2,700 ரூபாய்.

6. வேலைக்குப் போகிறவரின் சட்டை

இதை எழுதவே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. சால்டரிங் ஈயத்தில் பொதுவாக 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். புகையில் வருவது பெரும்பாலும் பிசின் நெடிதான். காரீயம் போவது கை வழியாகவும் தூசி வழியாகவும். நான் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகளைத் தூக்குவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜையிலேயே போர்டு வைத்துப் பற்றவைப்பேன்.

இப்போது வேலைச் சட்டை கடையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் செருப்பு வாசலுக்கு வெளியே, நேரே குளியல், அப்புறம்தான் குழந்தை. வேலைத் துணியைத் தனியாக ஊறவைத்துத் துவைக்கிறோம். கைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், சானிடைசர் ஈயத்தை எடுக்காது. பேட்டரி கடை, பழைய இரும்புக் கடை, பவுண்டரி, பெயிண்டிங், பூச்சி மருந்து தெளிக்கிற வேலை, யாராக இருந்தாலும் இதே முறைதான். செலவு ஒரு கூடுதல் சட்டை.

7. கொசுவும் கரப்பானும்

மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் வேண்டவே வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைவிட மோசம், பெட்டிக்கடையில் தொங்கும் பெயர் தெரியாத கொசு ஊதுவத்தி. பூச்சிக்கொல்லி எதுவானாலும் அட்டையில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது.

ஜன்னலுக்கு வலை அடிப்பதுதான் தீர்வு. வெல்க்ரோ வைத்த வலை நானே அளவெடுத்து ஒட்டினேன், மூன்று ஜன்னலுக்கு 1,100 ரூபாய், ஒரு மாலை வேலை. கட்டிலுக்குக் கொசுவலை. மாலை ஐந்தரைக்கு வலையைச் சாத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது.

பூச்சி மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. வீட்டுக்குள் சிவப்பும் மஞ்சளும் வரவே கூடாது. கரப்பான் சாக்பீஸை ஒரு குழந்தை சிலேட்டில் எழுதுகிற சாக்பீஸிலிருந்து பிரித்துப் பார்க்குமா? நாங்கள் ஜெல்லுக்கு மாறினோம், அலமாரிக் கீல் இடுக்கில் மிளகளவு. ராத்திரி சிங்க்கைக் காயத் துடைத்து வைத்தால் அந்த ஜெல்லும் அதிகம் தேவைப்படாது.

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி போடுவது பற்றிப் பாட்டிகளோடு நான் சண்டைக்குப் போகவில்லை. கதவு ஜன்னல் திறந்த ஹாலில், குழந்தையை எட்ட வைத்து, ஒரு நிமிடம். அடைத்த அறையில் கரி நெருப்பு என்பதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.

8. சமையலறை, சுருக்கமாக

ரசம் வைக்கும் ஈயச் சொம்பைத் தூக்கிப் போடாதீர்கள், விசாரியுங்கள். நாம் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகத்தைக் குறிக்கிறோம். சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில், அது கெடுதல் இல்லை. ரத்தத்தில் தேடுவது காரீயம். வெள்ளீயம் விலை அதிகம் என்பதால் காரீயம் கலந்து விற்பதுண்டு. சொம்பு ரொம்ப மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரிடமும் என்ன உலோகம் என்று கேளுங்கள். உறுதியாகத் தெரியாதவரை புளி, தக்காளி, எலுமிச்சை அதில் வேண்டாம், எவர்சில்வர் போதும். முத்திரை இல்லாத, கழிவு உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டிகளும் காரீயம் கசிபவை என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசப் போகாதீர்கள். 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். சூடான சாம்பார் பார்சலுக்குக் கவர் வேண்டாம், தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். வடையைச் செய்தித்தாளில் கட்டிக் கொடுப்பது விதிப்படியே தப்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. காலையில் குழாயில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்குப் பிடியுங்கள்.

தட்டில் கேழ்வரகும் முருங்கைக்கீரையும், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. காலி வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும் என்பதால் நேரத்துக்குச் சாப்பாடு. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவல்.

9. மறுபரிசோதனை, ஃபைல்

ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது, அது ரத்தத்துக்கு மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருக்கும். அதனால் பத்து நாளில் போய் மறுபடி ஊசி குத்தாதீர்கள். மூலத்தை நிறுத்திய பிறகு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள், மருத்துவர் சொல்கிற தேதியில், அதே லேபில் எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், காரணம் தெரியாமல் குழம்புவீர்கள்.

ஒரு ஃபைலில் ரத்த ரிப்போர்ட்டுகள், பெயிண்ட் ரிப்போர்ட், வீட்டுக்காரருக்கு அனுப்பிய மெசேஜின் பிரிண்ட், புது பெயிண்ட் டின்னின் போட்டோ, என்ன வேலை எந்தத் தேதியில் நடந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் வையுங்கள். வீடு மாறினால், மருத்துவர் மாறினால் இதுதான் பேசும். எங்களுக்கு 11.2-லிருந்து இரண்டு மாதம் கழித்து 6.9, அதற்கு மூன்று மாதம் கழித்து 4.3. அடுத்த தேதி ஆடி மாதம் வருகிறது. இந்த முறை மருத்துவர் சீட்டில் 'பிளட் லெட்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.